ஜிடிஎக்ஸ் 1060-ஆ, ஆர்எக்ஸ் 580-ஆ? செகண்ட்ஸ்ல வாங்குததுக்கு முன்னாடி நம்ம வீட்டு மேசையிலயே ஒப்பிட்டுப் பாக்க முழு வழிகாட்டி

போன சித்திரை கடைசியில பாளையங்கோட்டையில எங்க வீட்டு மாடி ரூம்ல ஒரே நேரத்துல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு வந்து கெடந்துச்சு. ஒண்ணு என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, இன்னொண்ணு ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 8 ஜிபி. ரெண்டும் செகண்ட்ஸ், ரெண்டு பேருக்காக வாங்குனது. ஒருத்தன் அம்பாசமுத்திரத்துல இருக்க எங்க சித்தி மவன், கோயில் கொடைக்கு வீடியோ எடுத்து எடிட் பண்ணிக் குடுக்கான். இன்னொருத்தன் உவரி பக்கத்துல எங்க மாமா மவன், காலேஜ் ரெண்டாம் வருஷம், அவனுக்கு கேம்தான் உசுரு. ரெண்டு பேரும் போன்ல கேட்டது ஒரே கேள்வி, "அண்ணே, இதுல எதுண்ணே பெருசு?"

கேம்னு மட்டும் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தட்டுதான், 1080பில, அதாவது சாதாரண ஃபுல் எச்டி மானிட்டர்ல, ஒரு கேம்ல இது முந்தும் இன்னொரு கேம்ல அது முந்தும், அதனால எது பெருசுங்கதை வச்சு முடிவு எடுக்க முடியாது. முடிவு பண்ணுதது வேற நாலு விஷயம்: உங்க எஸ்எம்பிஎஸ் (சிபியு பெட்டிக்குள்ள கரண்ட் குடுக்குத டப்பா), உங்க ரூம் சூடு, நீங்க பாக்க வேலை, அப்புறம் உங்க கைக்கு வந்த அந்த ஒரு கார்டோட உடம்பு. அந்த நாலையும் எப்படி ஒவ்வொண்ணா பாக்கதுன்னுதான் கீழ எழுதிருக்கேன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாசிங்க, காசு உங்களோடது.

படி 1: நம்பரை வாசிக்கப் பழகுங்க

1060 வந்தது 2016 ஜூலைல. பாஸ்கல் தலைமுறை, உள்ள ஜிபி106 சிப்பு, 16 நானோமீட்டர். 1280 கூடா கோர் (கணக்குப் போடுத குட்டி யூனிட்டுக்கு என்விடியா வச்ச பேரு), பேஸ் கிளாக், அதாவது சாதாரண வேகம், 1506 மெகாஹெர்ட்ஸ், சுமை வந்தா ஏறுத பூஸ்ட் 1708. மெமரி 6 ஜிபி ஜிடிடிஆர்5, பஸ் 192 பிட். கரண்ட் 120 வாட்ஸ், ஒரு 6 பின் போதும்.

580 அதுக்கு ஒம்போது மாசம் கழிச்சு 2017 ஏப்ரல்ல வந்துச்சு. போலாரிஸ் தலைமுறை, 14 நானோமீட்டர். 2304 ஸ்ட்ரீம் பிராசசர் (கோருக்கு ஏஎம்டி வச்ச பேரு), பேஸ் 1257, பூஸ்ட் 1340. 8 ஜிபி ஜிடிடிஆர்5, 256 பிட். கரண்ட் 185 வாட்ஸ், 8 பின் வேணும். வந்த புதுசுல அமெரிக்காவுல 1060 6 ஜிபிக்கு 249 டாலர், 580 8 ஜிபிக்கு 229 டாலர்னு விலை வச்சிருந்தாவ, அதுலயே தெரியும் ரெண்டும் ஒரே ஆளைப் பிடிக்க வந்த கார்டுன்னு.

இதுல மொதல்ல ஏமாந்து போற இடம் கோர் எண்ணிக்கை. 2304 பெருசு 1280 சின்னது, அப்ப 580 ரெட்டிப்பு வேகமான்னு கேக்காவ. இல்ல. என்விடியா கோரும் ஏஎம்டி கோரும் ஒரே ஆளு இல்ல. கணக்கு போட்டே பாப்போம்: கோர் எண்ணிக்கை பெருக்கல் 2 பெருக்கல் கிளாக். 1060-க்கு 4.37 டெராஃபிளாப்ஸ் (செகண்டுக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குங்கது) வரும், 580-க்கு 6.17 வரும். காகிதத்துல 580 நாப்பது சதவீதம் மேல. ஆனா கேம்ல அந்த நாப்பது வரவே வராது, ஏன்னா ஏஎம்டியோட அந்தக் கால டிசைன்ல எல்லா கோருக்கும் எல்லா நேரமும் வேலை கிடைக்காது, பாதி நேரம் ஆளு நிக்கும் வேலை வராது. அதோட கடைசில படத்தை எழுதி வெளிய அனுப்புத ஆர்ஓபி யூனிட் 1060-ல 48, 580-ல 32 தான். கோர்ல ஜெயிச்சது வாசல்ல நெரிசலாகுது.

மெமரி பஸ்ஸை நம்ம ஊர் ஆளுக்கு லேசா சொல்லணும்னா கன்னடியன் கால்வாயை நெனச்சுக்கோங்க. பிட்டுங்கது கால்வாயோட அகலம், கிளாக்குங்கது தண்ணி ஓடுத வேகம். ரெண்டு கார்டுலயும் வேகம் ஒண்ணுதான், ஒரு பின்னுக்கு செகண்டுக்கு 8 கிகாபிட். அகலம்தான் வேற. 192-ஐ 8-ஆல பெருக்கி, பிட்டை பைட் ஆக்க 8-ஆல வகுத்தா செகண்டுக்கு 192 ஜிபி. 256-க்கு அதே கணக்குல 256 ஜிபி. ஆனா பாஸ்கல் கலர் டேட்டாவை நல்லா சுருக்கி அனுப்பும், அதனால சின்ன கால்வாயில கொஞ்சத் தண்ணிய வச்சே நெறைய வயலுக்குப் பாய்ச்சிரும். இதனாலதான் 192 இருந்தும் 1060 திணறல.

நெஜமாவே 580 மேல நிக்க இடம் 8 ஜிபி. டெக்ஸ்சர் (கேம்ல பொருள் மேல ஒட்டுத படம்) நெறைய போடுத புது கேம்ல 6 ஜிபி நெரம்பிருச்சுன்னா கார்டு மிச்சத்தை சிஸ்டம் ரேம்ல போய் எடுக்கும், அப்பதான் வெட்டி வெட்டி ஓடும்.

படி 2: பேரைப் பாத்து ஏமாறாதீங்க

இதை நான் பட்டுத் தெரிஞ்சது. முன்னாடி ஒரு தடவை ஆர்எக்ஸ் 580 8 ஜிபின்னு சொல்லி ஒருத்தர்ட்ட வாங்குனேன், ஆம்னி பஸ் பார்சல்ல வந்துச்சு, வண்ணார்பேட்டையில போய் எடுத்துட்டு வந்து மாட்டிப் பாத்தா கோர் 2048 காட்டுது. 580 2048எஸ்பின்னு ஒரு வகை 2018-ல சீனாவுக்குன்னு விட்டது, அதுல இருக்கது 580-க்குக் கீழ்ப்படி கார்டான 570-ஓட கோர் எண்ணிக்கைதான். பேர் 580, உடம்பு 570. வித்தவர் தெரிஞ்சு செஞ்சாரா தெரியாம செஞ்சாரான்னு நான் கேக்கல, ஆனா 580 வெலையத்தான் வாங்கிட்டாரு. மலிவா புதுசுன்னு சொல்லி பேர் தெரியாத பிராண்டுல வார 580-ல பாதிக்கு மேல இந்த வகையாத்தான் என் கைக்கு வந்திருக்கு.

1060-லயும் இப்படி இருக்கு. 3 ஜிபி வகையை ஜிபி மட்டும் கொறச்சல்னு நெனைக்காதீங்க, அதுல கோரும் 1152 தான், பேர மட்டும் ஒண்ணா வச்சிட்டாவ. சீனா நெட் சென்டருக்குன்னு 5 ஜிபி ஒண்ணு கூட வந்துச்சு. இதைவிட மோசம் முழு டூப்ளிகேட், 2010, 2011 காலத்து என்விடியா ஃபெர்மி சிப்புல பயாஸை, அதாவது கார்டு உள்ள இருக்க அடிப்படை புரோகிராமை, மாத்தி எழுதி 1060-ன்னு பேர் போட்டு விக்கது. அதுக்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு: பாஸ்கல் கார்டுல விஜிஏ அனலாக் வெளியீடே கெடையாது. 1060-ன்னு சொல்லுத கார்டு பின்னாடி நீல கலர் விஜிஏ போர்ட் இருந்தா கையே வைக்காதீங்க, அந்தானைக்கு எந்திரிச்சு வந்துருங்க.

நெஜ 1060 வாங்குனாலும் பழைய விஜிஏ மானிட்டர் வச்சிருக்கவங்க எச்டிஎம்ஐ டூ விஜிஏ கன்வர்ட்டர் தனியா வாங்கணும், 580-க்கும் அதே கதைதான்.

படி 3: கார்டைப் பாக்க முன்னாடி உங்க சிபியு பெட்டியத் தொறங்க

எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மேல 450 வாட்ஸ்னு பெருசா போட்டிருக்கதை விடுங்க, 12 வோல்ட்னு போட்டு அதுக்கு கீழ எத்தனை ஆம்பியர்னு பாருங்க. கார்டும் பிராசசரும் குடிக்கது அந்த 12 வோல்ட்லதான். 580-க்கு 185-ஐ 12-ஆல வகுத்தா 15.4 ஆம்பியர். எங்க டெஸ்ட் மிஷின்ல இருக்க ஐ5 4590 84 வாட்ஸ், அது 7 ஆம்பியர். இதுவே 22 தாண்டிருச்சு, மேல ஃபேன் ஹார்ட்டிஸ்க் எல்லாம் வேற, அதனால 12 வோல்ட்ல 30 ஆம்பியராவது இருந்தாத்தான் 580-ஐ நெனச்சே பாக்கணும். 1060-க்கு 10 ஆம்பியர் போதும், மொத்தம் 17, 18-ல நிக்கும். கம்பெனி சொல்லுத கணக்கும் இதேதான், 1060-க்கு 400 வாட்ஸ், 580-க்கு 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்.

உங்க எஸ்எம்பிஎஸ்ல 8 பின் வயர் இல்லன்னா மோலக்ஸ்ல (ஹார்ட்டிஸ்க்குக்குப் போற பழைய நாலு பின் வயர்) இருந்து 8 பின்னுக்கு மாத்துத கன்வர்ட்டர் ஒண்ணு கம்மி காசுக்கு விக்காவ. தயவுசெஞ்சு வேண்டாம். 8 பின்னுங்கது 150 வாட்ஸுக்கு கட்டுன வழி, 6 பின் 75 வாட்ஸ், மதர்போர்டு ஸ்லாட் 75 வாட்ஸ். மெல்லிசு மோலக்ஸ் வயர்ல 150-ஐ இழுத்தா பிளாஸ்டிக் உருகும், நான் உருகுன கனெக்டரைக் கையில வச்சுப் பாத்திருக்கேன், வீட்ல ஆள் இருந்ததால தப்பிச்சது.

ஆபீஸ்ல கழிச்ச பழைய பிராண்டட் டெஸ்க்டாப் வாங்கி வச்சிருக்கவங்க நெறைய பேரு இருக்காவ, அதுல எஸ்எம்பிஎஸ் அவங்க கம்பெனி சைஸுல சின்னதா இருக்கும், 6 பின்னே வராது. உங்களுக்கு இந்த ரெண்டு கார்டுமே சரிப்படாது, வெளி கரண்ட் கேக்காத 75 வாட்ஸ் 1050 டிஐ மாதிரி பாருங்க.

அடுத்து யூபிஎஸ். நம்ம பக்கம் கரண்ட் வந்து போறது தெரிஞ்ச கதை. யூபிஎஸ் மேல 600 விஏன்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். 580 185, பிராசசர் 84, மத்தது ஒரு 50, மானிட்டர் 25, கூட்டிப் பாருங்க 344. பேட்டரி ஒரு வருஷம் பழசா இருந்தா கரண்ட் போன அந்த நொடியே யூபிஎஸ் கத்தி அணைஞ்சிரும். 1060-ன்னா அதே கணக்கு 279, மூச்சு விட எடம் இருக்கும்.

படி 4: காசு குடுக்குத முன்னாடி கார்டைக் கையில வாங்கிப் பாக்கது

நேர்ல போய் வாங்குங்க, முடியாதுன்னா வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க. வெளிச்சத்துல வச்சு பாக்க வேண்டியது இதுதான்.

மொதல்ல ஸ்க்ரூ. சிப்புக்குப் பின்னாடி ஸ்பிரிங் வச்ச நாலு ஸ்க்ரூ இருக்கும், தலை தேஞ்சிருந்தா யாரோ கழட்டிருக்காவ. கழட்டுனது தப்பில்ல, பேஸ்ட் மாத்தக் கழட்டிருக்கலாம், ஆனா கேக்கணும், பதில் தடுமாறுதான்னு பாக்கணும்.

ஃபேனை ஒத்த விரலால பைய சுத்தி விடுங்க, சத்தமில்லாம கொஞ்சம் சுத்தி நிக்கணும். கரகரன்னா பேரிங் போயிட்டு. மேலயும் கீழயும் ஆடுனாலும் அதேதான்.

இப்ப நம்ம ஊருக்குன்னு ஒண்ணு. கார்டு எங்க ஓடுச்சுன்னு கண்டிப்பா கேளுங்க. தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி, இடிந்தகரைன்னு கடக்கரை ஓரம் ரெண்டு மூணு வருஷம் ஏசி இல்லாத ரூம்ல ஓடுன கார்டுல உப்புக் காத்து வேலை காட்டிருக்கும். பின்னாடி இருக்க இரும்புத் தகடுல, போர்ட் ஓரத்துல துருப்புள்ளி, ஹீட்சிங்க் அலுமினியத்துல வெள்ளப் பவுடர் மாதிரி, செம்பு பைப்புல பச்சை. தகடு துருப்பிடிச்சா பரவால்ல, ஆனா தங்கக் கலர்ல இருக்க ஸ்லாட் காண்டாக்ட்லயும் மெமரி சிப்போட காலுலயும் பச்சையோ வெள்ளையோ கண்டா விட்டுருங்க, அது இன்னைக்கு ஓடும், நாளைக்குத் தெரியாது. அதே மாதிரி ராதாபுரம், பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆனி ஆடி காத்துல வார மண்ணு ஹீட்சிங்க் உள்ள கம்பளி மாதிரி அடஞ்சு கெடக்கும், அது கெட்ட அறிகுறி இல்ல, ஊதிச் சுத்தம் பண்ணிரலாம், ஆனா அவ்வளவு அடப்போட எத்தனை வருஷம் வெந்துச்சோன்னு வெலையில கொறச்சுக் கேக்கலாம்.

மைனிங் (கார்டை ராப்பகலா ஓட்டி கிரிப்டோ காசு சம்பாதிக்கது) பத்தி எல்லாரும் பயப்படுதாவ. 580 எத்தீரியம் மைனிங்குக்கு ரொம்பப் பிடிச்ச கார்டு, அது உண்மை. எத்தீரியம் 2022 செப்டம்பர்ல மைனிங்கையே நிப்பாட்டுச்சு, அதுக்கப்புறம்தான் மூட்ட மூட்டயா செகண்ட்ஸுக்கு வந்துச்சு. என் அபிப்பிராயம் என்னன்னா மைனிங்ல ஓடுனதாலயே கார்டை ஒதுக்க வேண்டாம், சிப்பு ஒரே சூட்டுல ஓடுனது நல்லதுதான், தேயுதது ஃபேனும் மெமரியும்தான். பிரச்சனை பயாஸ்ல இருக்கு, மெமரி டைமிங்கை இறுக்கி மாத்தி எழுதிருப்பாவ. அந்த பயாஸோட டிரைவர் போட்டா டிவைஸ் மேனேஜர்ல கோட் 43-ன்னு வந்து நிக்கும். சில 580-ல மேல ஓரத்துல குட்டி சுவிட்ச் ஒண்ணு இருக்கும், ரெண்டு பயாஸ் வச்ச கார்டு அது, அப்படி இருந்தா உங்களுக்கு ஒரு மாத்து வழி கையில இருக்கு.

படி 5: மாட்டுன ஒடனே அடையாளம் பாருங்க

ஜிபியு-இசட்னு ஒரு குட்டி சாப்ட்வேர், இலவசம். தொறந்ததும் மூணே இடம் பாருங்க: ஷேடர்ஸ், பஸ் விட்த், மெமரி சைஸ். 1060 6 ஜிபின்னா 1280, 192, 6144. 580 8 ஜிபின்னா 2304, 256, 8192. இதுல ஒண்ணு மாறுனாலும் கேள்வி கேளுங்க. டூப்ளிகேட் என்விடியா கார்டா இருந்தா 2018-ல இருந்து வார ஜிபியு-இசட் பேருக்கு முன்னாடியே ஃபேக்னு போட்டுக் காட்டிரும்.

படி 6: டெஸ்ட்

பாதிப் பேரு இதுல செய்யுத தப்பு, ஒரு கார்டை ராத்திரி பத்து மணிக்கு டெஸ்ட் பண்ணிட்டு இன்னொண்ணை மறுநா மத்தியானம் டெஸ்ட் பண்ணுதது. நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரத்துல மாடி ரூம்ல ராத்திரிக்கும் மத்தியானத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு சொல்லத் தேவையில்ல. ரூம் சூடு எத்தனை டிகிரி கூடுதோ ஃபேன் ஒரே வேகத்துல இருந்தா கார்டு சூடும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி கூடும். அதனால ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி மேசையில வைங்க, ஒவ்வொரு டெஸ்டுக்கும் ரூம் சூட்டை எழுதுங்க, ரெண்டு கார்டையும் ஒரே நேரத்துல, நான் மத்தியானம் மூணு மணிக்குச் செஞ்சேன், பெட்டி மூடியே இருக்கணும். எங்க ரூம்ல ஏசி கெடையாது, அதை வேணும்னேதான் போடல, வாங்குத ரெண்டு பேரு வீட்லயும் ஏசி இல்ல.

கார்டு மாத்தும்போது பழைய டிரைவரைச் சுத்தமா எடுக்கணும். டிடியுன்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, சேஃப் மோடுல போய் ஓட்டுனா என்விடியா மிச்சம் மீதி எல்லாம் தொடச்சிரும், அப்புறம் ஏஎம்டி கார்டை மாட்டி அதோட டிரைவர் போடுங்க. இதைச் செய்யாம வார நம்பரை நம்பாதீங்க.

பெஞ்ச்மார்க்குக்கு யூனிஜின் ஹெவனோ சூப்பர்பொசிஷனோ, கூட நீங்க நெஜமா ஆடுத ரெண்டு கேம். உள்ளயே பெஞ்ச்மார்க் வச்ச கேமா இருந்தா நல்லது, ஜிடிஏ 5-ல இருக்கு. ஒவ்வொண்ணையும் நாலு தடவை ஓட்டி மொதத் தடவையத் தள்ளிருங்க, ஏன்னா மொதத் தடவை ஹார்ட்டிஸ்க்ல இருந்து எடுக்கும், கார்டும் இன்னும் சூடாகல. மிச்சம் மூணுக்கு சராசரி. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை ரிவாடியூனரோட சேத்துப் போட்டா எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்), சூடு, கிளாக், விராம் (கார்டோட மெமரி) எல்லாம் ஸ்க்ரீன்லயே காட்டும்.

சராசரி எஃப்பிஎஸ் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். சராசரி 60 காட்டும், ஆனா நடுவுல ஒரு ஃபிரேம் 50 மில்லிசெகண்ட் எடுத்துச்சுன்னா அந்த எடத்துல கண்ணுக்குத் திக்குன்னு நிக்கும். அதைக் காட்டுதது 1% லோங்க நம்பர், ரொம்ப மெதுவா வந்த 1% ஃபிரேமோட வேகம் அது. செகண்ட்ஸ் கார்டுல சராசரியவிட எனக்கு இதுதான் முக்கியம், மெமரி பழுதும் சூடும் மொதல்ல தலை காட்டுத எடம் இதுதான்.

அப்புறம் மெமரி டெஸ்ட். ஓசிசிடிங்க சாப்ட்வேர்ல விராம் டெஸ்ட் இருக்கு, அரை மணி நேரம் ஓட்டி எரர் சைபர்னு வந்தாத்தான் நல்ல கார்டு. 580-க்கு இன்னொரு வழியும் உண்டு, எச்டபிள்யூஇன்ஃபோங்க சாப்ட்வேர்ல கடைசி பக்கம் ஜிபியு மெமரி எரர்ஸ்னு ஒரு வரி காட்டும், கேம் ஓடும்போது அந்த நம்பர் ஏறிக்கிட்டே போச்சுன்னா மைனிங் பயாஸோ தளர்ந்த மெமரியோ, ரெண்டுல ஒண்ணு. வித்தவங்க இதைப் பாக்க மாட்டாவ, நீங்க பாருங்க. ஃபர்மார்க் ஓட்டுதா இருந்தா பத்து நிமிஷம் போதும், பக்கத்துலயே இருங்க, அது கேம்ல வராத சுமையப் போடும்.

படி 7: வந்த நம்பரை எப்படி வாசிக்கது

எங்க மிஷின்ல நடந்தது இதுதான். டைரக்ட்எக்ஸ் 11 (கேம் கார்டோட பேசுத ஒரு வழி) வச்ச பழைய கேம்ல 1060 முந்துச்சு. அதுக்கப்புறம் வந்த வழியான டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் கேம்ல 580 முந்துச்சு. இது எங்க மேசைக்கு மட்டும் உள்ள கதை இல்ல, காரணம் இருக்கு. டைரக்ட்எக்ஸ் 11-ல கார்டுக்கு வேலையப் பிரிச்சுக் குடுக்கது டிரைவரோட பொறுப்பு. என்விடியா டிரைவர் அந்த வேலைய பிராசசரோட பல கோருக்குப் பிரிச்சுக் குடுத்துரும், அந்தக் கால ஏஎம்டி டிரைவர் பெரும்பாலும் ஒத்தக் கோர் மேலயே ஏத்தும். ஐ5 4590 மாதிரி நாலு கோர் பழைய பிராசசர்ல அந்த ஒத்தக் கோர் மூச்சு முட்டிரும், கார்டு சும்மா நிக்கும். டைரக்ட்எக்ஸ் 12-லயும் வல்கன்லயும் அந்த வேலைய கேமே பாத்துக்கும், அப்ப 580-ல சும்மா கெடந்த கோருக்கெல்லாம் வேலை வந்துரும்.

அதனால உங்க மிஷின் மூணாவது நாலாவது தலைமுறை இன்டெலா இருந்து ஆடுதது பழைய கேம்னா 1060 பக்கம் சாயுங்க. ரைசன் மாதிரி ஆறு கோர் இருந்து புது கேம் ஆடுதவங்களுக்கு 580. டெஸ்ட் ஓடும்போது கார்டு யூசேஜ் 95-க்கு மேல நிக்கான்னு பாருங்க, 60, 70-ல ஆடிச்சுன்னா நீங்க அளக்கது கார்டை இல்ல, பிராசசரை.

ரெண்டு கார்டுலயும் ரே ட்ரேசிங் (வெளிச்சம் நெஜமா விழுத மாதிரி கணக்குப் போடுதது) வன்பொருள் இல்ல, மெஷ் ஷேடரும் இல்ல. அதைக் கட்டாயம்னு கேக்க புது கேம் இதுல ஓடாது, ஓடுனாலும் ஆட முடியாது.

மானிட்டர் வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு: ஃபிரீசிங்க் (கார்டோட வேகத்துக்கு ஏத்தாப்ல மானிட்டர் மாத்திக்கிடுதது) 580-ல எச்டிஎம்ஐ வழியாவும் வேலை செய்யும். 1060-ல 2019 ஜனவரி டிரைவர்ல இருந்து வந்துச்சு, ஆனா டிஸ்ப்ளேபோர்ட் வழியா மட்டும். எச்டிஎம்ஐ மட்டும் இருக்க மலிவு மானிட்டர்னா இது 580-க்கு ஒரு நெஜமான சாதகம்.

படி 8: கேம் இல்லாத வேலை

இங்கதான் ரெண்டும் பிரியுது. சித்தி மவனுக்கு ராத்திரி கொடை முடிஞ்சு மறுநா காலையில வீடியோ எக்ஸ்போர்ட் ஆகி யூட்யூப்ல ஏறணும், ஊர்க்காரங்க மும்பையிலயும் துபாய்லயும் பாக்கக் காத்துக்கிட்டு இருப்பாவ. ரெண்டு கார்டுலயும் எச்.264, எச்இவிசி ஃபார்மட்ல வீடியோ எடுக்க தனி வன்பொருள் இருக்கு, ஆனா ஒரே பிட்ரேட்ல எச்.264 எடுத்தா என்விடியாவோட என்வென்க்ல (அந்த வன்பொருளோட பேரு) படம் தெளிவா வரும், வேட்டைக்குப் போற சாமி தீப்பந்தத்தோட ஓடுத இருட்டு ஷாட்ல 580-ல கட்டம் கட்டமா வந்துச்சு, 1060-ல அவ்வளவு இல்ல. லைவ் போடுதவங்களுக்கும் இதே பதில். யூட்யூப் அனுப்புத விபி9 வீடியோவை விரிக்க 1060-ல தனி வன்பொருள் இருக்கு, 580-ல இல்ல, அதனால பழைய பிராசசர்ல 4கே யூட்யூப் பாத்தா 580 வச்சிருக்க மிஷின் தெணறும்.

பிளெண்டர் (3டி படம் செய்யுத சாப்ட்வேர்) கத்துக்க நெனைக்கவங்க 580 வாங்காதீங்க. 2021 கடைசில வந்த பிளெண்டர் 3.0-ல, ஏஎம்டி கார்டுல ரெண்டர் ஓட்டுன ஓபன்சிஎல்லை எடுத்துட்டாவ, அதுக்கு பதிலா வந்தது போலாரிஸை ஏத்துக்காது, ரெண்டர் முழுக்க பிராசசர் தலையிலதான் விழும். 1060-ல என்விடியாவோட கூடா இருக்கு, அதுல ரெண்டர் ஓடும்.

மிரர்லெஸ் கேமராவுல 10 பிட் 4:2:2-ன்னு (கலர் தகவல் கூடுதலா வச்ச வகை) எடுக்கவங்களுக்கு ரெண்டு கார்டுமே அந்த வீடியோவை விரிக்க உதவாது, பிராக்சி (எடிட்டுக்கு மட்டும் எடுக்குத லேசான நகல்) போட்டுத்தான் எடிட் பண்ணணும், அது தெரியாம கார்டைக் குத்தம் சொல்லாதீங்க.

படி 9: டிரைவர்

ஏஎம்டி 2023 கடைசிலயே போலாரிஸைத் தனி வரிசைக்கு ஒதுக்கிட்டாவ, புது கேமுக்கு வேகம் கூட்டுத வேலை அதுல வராது. என்விடியா பாஸ்கலுக்கு 2025 அக்டோபரோட கேம் ரெடி டிரைவரை நிப்பாட்டி, 2028 அக்டோபர் வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒருக்க பாதுகாப்பு அப்டேட் மட்டும்னு சொல்லிருக்காவ. லினக்ஸ் ஓட்டுதவங்களுக்கு 580 தான் நிம்மதி, அதோட டிரைவர் கெர்னல் உள்ளயே திறந்த மூலமா இருக்கு, தனியா எதுவும் போட வேண்டாம்.

படி 10: சூட்டையும் கரண்டையும் கொறைக்கது

ரெண்டுக்கும் வித்தியாசம் 65 வாட்ஸ். நாளைக்கு நாலு மணி நேரம் ஆடுனா 260 வாட் அவர், ரெண்டு மாச பில்லுக்கு 60 நாள் வச்சா 15.6 யூனிட். தனியாப் பாத்தா பெருசில்ல, ஆனா உங்க வீட்டு ரீடிங் 500-ஐத் தொட்டுக்கிட்டு இருக்குன்னா இந்தப் பதினாறு யூனிட் ஸ்லாபை ஏத்திவிட்டுரும், அப்பா கேக்கும்போது பதில் சொல்லணும்.

580 வாங்குனவங்க கண்டிப்பா அண்டர்வோல்ட் (சிப்புக்குப் போற வோல்டேஜைக் கொறைக்கது) பண்ணுங்க. ரேடியான் சாப்ட்வேர்ல வோல்டேஜை மேனுவல் ஆக்கி மேல் ரெண்டு நிலையில மட்டும் 25 மில்லிவோல்ட் 25 மில்லிவோல்ட்டா கொறச்சு, ஒவ்வொரு தடவையும் அரை மணி கேம் ஆடிப் பாருங்க, தொங்குனா ஒரு படி மேல ஏத்தி அதுலயே விட்டுருங்க. வேகம் கொறையாது, சூடும் ஃபேன் சத்தமும் கொறையும். கம்பெனி வச்சு விடுத வோல்டேஜ் எல்லா சிப்புக்கும் சேத்து வச்சது, உங்க சிப்புக்கு அவ்வளவு தேவைப்படாது. 1060-க்கு ஆஃப்டர்பர்னர்ல பவர் லிமிட்டை 80-ன்னு இழுத்தாலே போதும், எஃப்பிஎஸ்ல கண்ணுக்குத் தெரியுத எறக்கம் வராது.

தெர்மல் பேஸ்ட் எட்டு ஒம்போது வருஷக் கார்டுல காஞ்சு கட்டியாத்தான் இருக்கும், மாத்துங்க. மாத்தும்போது மெமரி மேல இருக்க பேடைக் கிழிச்சிராதீங்க, கிழிஞ்சா பழையதோட கனத்தை அளந்து அதே கனத்துல வாங்கணும், கூடக் கனமா வச்சா சிப்புல ஹீட்சிங்க் உக்காராது. ப்ளோயர் வச்சு ஊதும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கோங்க, அதைச் சுத்த விடக்கூடாது.

இப்ப எது யாருக்குப் போச்சுன்னு சொல்லிருதேன். 1060 அம்பாசமுத்திரம் போச்சு. சித்தி மவன்ட்ட இருக்கது பழைய ஐ5, 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், 600 விஏ யூபிஎஸ், வேலை எக்ஸ்போர்ட், நாலும் 1060 பக்கமே கை காட்டுச்சு. மாமா மவன் வச்சிருக்கது ரைசன் 5, 550 வாட்ஸ் நல்ல எஸ்எம்பிஎஸ், எச்டிஎம்ஐ ஃபிரீசிங்க் மானிட்டர், அவனுக்கு 580. ஆனா அவன் வீடு கடல்ல இருந்து கூப்புடு தூரம். அதனால பெட்டிய ஜன்னல் பக்கத்துல இருந்து உள் ரூமுக்கு மாத்தச் சொன்னேன், ஆடாத நேரம் மேல துணி போட்டு மூடி வைக்கச் சொன்னேன், ஓடும்போது துணிய எடுக்க மறந்துராதலன்னும் சொன்னேன். ஆறு மாசத்துக்கு ஒருக்க கார்டைக் கழட்டி தங்கக் காண்டாக்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும்னு பேச்சு. மொதப் போட்டோ ஐப்பசியில வந்துச்சு, காண்டாக்ட் சுத்தமா இருக்கு, பின் தகடுல ஒரு ஓரத்துல மட்டும் லேசா துரு.